பாண்டிச்சேரிக்கு எதற்குப் போகிறோம்?



"பாண்டிக்குப் போறேன்" என்று வடலூர் நாலுமுனைச் சந்திப்பில் நின்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு சிரிப்பு வரும். "ம்ம்... நடத்து, நடத்து!" என்று கண் சிமிட்டுவார்கள். அதையே வீட்டில் சொன்னால் அம்மாவின் முகம் மாறும். "கூட எவன் எவன்டா வர்றான்?" என்று ஒரு விசாரணைக் கமிஷனே உட்காரும். பாவம், அந்த ஊர் என்ன செய்தது? அதற்கு இப்படி ஒரு பெயர்!

நம் பக்கத்து ஜனங்கள் பாண்டிச்சேரிக்குப் போவதற்கு நானறிந்த காரணங்கள் ஐந்து. முதலாவது, மேலே சொன்ன கண்சிமிட்டும் காரணம். இரண்டாவது, ஜிப்மர் ஆஸ்பத்திரி. நம்மில் பாதிப்பேர் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் அங்கே சீட்டு வாங்க வரிசையில் நின்றிருப்பார். மூன்றாவது, கல்யாணத் துணிமணி. நான்காவது, கடற்கரையும், மஞ்சள் சுவரில் சாய்ந்து எடுத்துக்கொள்ளும் போட்டோவும். ஐந்தாவது, வேலை. முதல் பஸ்ஸில் ஏறிப் போய் இருட்டிய பிறகு திரும்பும் கொத்தனார்கள், சித்தாள்கள், பெயிண்டர்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களில் என் அப்பாவும் ஒருவர். கொத்தனார்.

இந்த ஐந்தையும் தாண்டி ஆறாவதாக ஒரு காரணம் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் படிக்கிற நமக்கென்றே உள்ள காரணம் அது. பாண்டிச்சேரி ஒரு பெரிய ஒர்க் ஷாப். அதை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. "டூரில் போயும் பாடமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் கேளுங்கள்.

ரோடே ஒரு புத்தகம்

சென்ற ஆண்டு எங்கள் சிவில் வகுப்பில் எட்டுப் பேர் சேர்ந்து போனோம். வேன் வைக்க வசதியில்லை. கடலூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். மொத்தம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். செலவு குறைவு, பார்ப்பது அதிகம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவன் வேனில் போகிறவனைவிடக் கொடுத்துவைத்தவன் என்பது என் அனுபவம்.

குறிஞ்சிப்பாடியில் கைத்தறி. அதைத் தாண்டினால் செம்மண்ணும் முந்திரியும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கரையேறிய 'தானே' புயல் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. அப்போது எனக்கு நாலைந்து வயது. ஓட்டு வீட்டுக்குள் அப்பா கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கடலோரத்தில் கட்டடம் கட்டுவது என்றால் என்ன என்பதற்கு எனக்கு முதல் பாடம் அதுதான்.

பிறகு கடலூர் முதுநகர், கெடிலம் ஆறு. தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690-ல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்கு சில ஆண்டுகள் இதுவே தலைமையிடம். இன்று போனால் கோட்டை என்று சொல்ல மிச்சம் மிகக் கொஞ்சம். அங்கே இறங்கிப் பார்க்க யாரும் டூர் போவதில்லை. இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

தென்பெண்ணைப் பாலம் தாண்டி, கன்னியக்கோயிலில் எல்லை. போர்டுகள் மாறும். (எந்தக் கடைப் போர்டு என்று நான் சொல்ல வேண்டுமா?) அப்புறம் ஒரு ஆறு. பெயர் சுண்ணாம்பாறு! போட்டில் போகத்தான் எல்லோரும் அங்கே இறங்குகிறார்கள். அதற்கடுத்து அரியாங்குப்பம். அதன் ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டி, சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியோடு வியாபாரம் நடந்ததற்கான மண்பாண்டங்களைக் கண்டெடுத்தார். கண்ணாடியிலும் கல்லிலும் செய்த சிறுசிறு மணிகளும் அங்கே குவியலாகக் கிடைத்தன. சிவப்பு, பச்சை, நீலம் என்று அத்தனை வண்ணம்! கண்ணாடியை உருக்கி, இழையாக இழுத்து, நறுக்கி மணி செய்த தொழிலாளிகள் வாழ்ந்த இடம் அது. பிரெஞ்சுக்காரன் வந்துதான் இந்தக் கடற்கரைக்கு வண்ணம் வந்தது என்று நினைக்கிறவர்களுக்கு அரிக்கமேடே பதில்.

மஞ்சள் சுவர் யாருடையது?

ஊருக்குள் போனதும் எங்கள் எட்டுப்பேர் கண்ணும் அகன்றது. மறைக்க என்ன இருக்கிறது? வடலூர்க்காரனுக்கு வண்ணம் புதிதில்லை. தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் ஏழு வண்ணத்தில் ஏழு திரை விலகுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் நாம். ஆனால் ஒரு தெரு முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாக நிற்பதும், சுவருக்கு மேலே காகிதப்பூ சிவப்பாகத் தொங்குவதும், தெருமுனையில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் நிற்பதும் வேறு காட்சி. தெருக்களோ டி-ஸ்கொயர் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கின்றன.

கோடு போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்கூட இல்லை. 1674-ல் பிரெஞ்சுக் கம்பெனி இங்கே வந்தது. 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தபோதுதான் இந்தக் கட்டம்கட்டமான தெரு அமைப்புக்குத் திட்டம் வரைந்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு பழைய கோட்டின் மீதே மறுபடி எழுப்பினார்கள். 1954 நவம்பர் 1-ல் ஊர் இந்தியா வசம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16. பிறகு 2006-ல் பெயர் புதுச்சேரி என்று ஆனது. நம் வாயில் மட்டும் இன்னும் பாண்டிதான்.

நடுவே ஒரு வாய்க்கால். கிழக்கே வெள்ளைக்காரர் குடியிருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. போட்டோ எடுக்கிறவர்கள் கிழக்கோடு நின்றுவிடுகிறார்கள். வாய்க்காலைத் தாண்டினால் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் மரத்தூணும் உள்ள வீடுகள் இருக்கின்றன. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இந்தப் பக்கம்தான் இருக்கிறது. கீழ்த்தளம் தமிழ் முறை, மேல்தளம் பிரெஞ்சு முறை! இரண்டு தேசத்துக் கட்டடக்கலையையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிவைத்தவன் யார்? நாட்குறிப்பில் துபாஷியின் பெயர் இருக்கிறது. சாரத்தில் நின்ற கொத்தனின் பெயர் எந்த நாட்குறிப்பிலும் இல்லை.

இன்னொரு சங்கதி. சுண்ணாம்பு காரம். எல்லா நிறமும் அதில் நிற்காது, வெளுத்துவிடும். மண்ணிலிருந்து எடுக்கும் மஞ்சள் காவியும் செங்காவியும் நிற்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் நீலம் கலக்கிறோமே, அதுவும் நிற்கும். இன்றைக்கு அங்கே பல சுவர்களில் டப்பா பெயிண்ட்தான் என்பது உண்மை. ஆனால் அந்த மஞ்சளின் பூர்வீகம் நம் பாட்டி திண்ணையில் இழுத்த காவிப்பட்டையின் பங்காளி! நம் வடலூர்ச் செம்மண்ணுக்கும் பாண்டிக்கு வடக்கேயுள்ள செம்மண் மேட்டுக்கும்கூட அடியில் ஒரே பாறைதான். புவியியலில் அதற்குப் பெயரே 'கடலூர் மணற்பாறை'.

சாரத்தின் மேல் ஒரு புரொபசர்

அன்று மதியம் ஒரு குறுக்குத் தெருவில் போட்டோவுக்காகச் சுவர் தேடிக்கொண்டிருந்தோம். ஒரு பழைய வீட்டில் சாரம் கட்டியிருந்தது. எங்களில் ஒருத்தன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "டேய், உங்கப்பாடா!" என்றான்.

அப்பா அந்த வாரம் பாண்டியில் வேலை என்று தெரியும். எந்தத் தெரு என்று தெரியாது. மடித்துக்கட்டிய லுங்கி, தலையில் துண்டு, புருவம் வரை வெள்ளை. கீழே பளபளவென்று எட்டுப் பேர். அவர் எங்களைப் பார்த்ததும் ஒரு விநாடி தயங்கினார். எனக்காகத் தயங்கினார் என்பது எனக்குப் புரிந்தது. "எங்கப்பாதான்டா, வாங்க" என்று நான்தான் முதலில் சாரத்துக்கு அடியில் போனேன்.

"எல்லாரும் சாப்டீங்களாப்பா?" என்றபடி இறங்கி வந்தார்.

எங்களில் ஒருத்தன் சும்மா இருக்காமல் கேட்டான். "அப்பா, இதுக்கு சிமிண்டு பூசிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடுமே. ஏன் சுண்ணாம்பு?"

"முடிஞ்சிடும் தம்பி. மூணு வருசத்துல செவுரும் முடிஞ்சிடும்" என்று சிரித்தார். "பழைய செவுத்துக்குள்ளார எப்பவும் ஓதம் இருக்கும். கடல்காத்துல உப்பு வேற. சுண்ணாம்பு மூச்சு விடும், ஓதம் வெளிய போயிடும். சிமிண்டு வாயப் பொத்திடும். உள்ளாரயே உப்பு பூத்து, பொரிஞ்சி பொரிஞ்சி கொட்டும். கல்லையும் சேத்து அரிச்சிடும்."

அப்புறம் ஒரு தொட்டியைக் காட்டினார். சுண்ணாம்பைத் தாளித்து நாள்கணக்கில் தண்ணீரில் ஊற வைத்திருந்தார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் எதற்கு, எந்தப் பதம், கரண்டியில் ஒட்டினால் என்ன அர்த்தம், ஒட்டாவிட்டால் என்ன அர்த்தம் என்றெல்லாம் பத்து நிமிஷம் பேசினார். எட்டுப் பேரும் வாயைத் திறக்கவில்லை. எந்த வகுப்பில் நாம் அப்படி உட்கார்ந்திருக்கிறோம், சொல்லுங்கள்!

திரும்பி வந்து புத்தகத்தைப் புரட்டினேன். அப்பா சொன்ன எல்லாமே அதில் வேறு பாஷையில் இருந்தது. நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாக இறுகுகிறது. பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் ஈரம் ஆவியாக வெளியேறுகிறது. உப்புநீர் காயும்போது உப்பு படிகமாகி விரிந்து பூச்சைப் பிளக்கிறது. 'மூச்சு விடும்' என்று அவர் சொன்னதைப் புத்தகம் 'பொராசிட்டி' என்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்! நாமோ ஃபேட் லைமுக்கும் ஹைட்ராலிக் லைமுக்கும் உள்ள வேறுபாடுகளை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, பரீட்சை ஹாலை விட்டு வரும்போதே மறந்துவிடுகிறோம்.

என் அப்பா ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். "நீ இந்தக் கரண்டியத் தொடக்கூடாதுடா" என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துவிட்டார். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும். வெயில் வேண்டாம், தினக்கூலி வேண்டாம், முதுகுவலி வேண்டாம். எல்லாம் சரி. ஆனால் வெயிலை வேண்டாம் என்று சொல்லப்போய் வித்தையையும் சேர்த்தல்லவா வேண்டாம் என்று சொல்கிறோம்! கையில் வித்தை உள்ளவரிடம் சர்டிபிகேட் இல்லை. சர்டிபிகேட் வாங்கப்போகிற நம் கையில் வித்தை இல்லை. ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடுகிற இரண்டு பேருக்கு நடுவே இப்படி ஒரு வாய்க்கால் ஓடலாமா?

இடிந்ததும் கரைந்ததும்

பாண்டிச்சேரி என்றால் எல்லாமே அழகு, எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஊரின் தவறுகள்தான் நமக்கு இன்னும் நல்ல பாடம்.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்து நகர்மன்றம். 1870-71-ல் கட்டியது. வயதாகி, நெடுநாள் சீர்கெட்டுக் கிடந்து, 2014 நவம்பர் கடைசியில் பெய்த மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியுதவியோடு பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். இப்போது பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் யோசியுங்கள். ஒழுகும் இடத்தை அப்போதைக்கப்போது அடைத்து, சுவரில் முளைத்த ஆலஞ்செடியைப் பிடுங்கி, வருஷத்துக்கு ஒருமுறை சுண்ணாம்படித்து வந்தால் ஆகும் செலவு எவ்வளவு? இடிந்தபிறகு கோடிகளில் கட்டும் செலவு எவ்வளவு? 'மெயின்டனன்ஸ்' என்ற வார்த்தையை மெக்கானிக்கல் நண்பர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள். எண்ணெய் போடாத மெஷினும் சுண்ணாம்பு காணாத சுவரும் ஒன்று.

அடுத்தது கடல். பாண்டிச்சேரிக் கடற்கரைக்குப் போய் "மணல் எங்கேடா?" என்று கேட்காத ஆள் உண்டா? கரை நெடுகக் கருங்கல்தான். காரணம் என்ன தெரியுமா? நம் சோழமண்டலக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் போக்கு திரும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கே போவதே அதிகம். 1980-களின் பிற்பாதியில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவருக்குத் தெற்கிலேயே தேங்கியது. வடக்கே இருந்த மணலை அலை கொண்டுபோனது. போன மணலுக்கு ஈடாக வரவேண்டிய மணல் வரவில்லை. சம்பளம் வராத வீட்டில் செலவு மட்டும் நடந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது! ஊரைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு அதற்கும் வடக்கே இருந்த மீனவக் கிராமங்களுக்கு நகர்ந்தது. அவர்கள் வீட்டையும் வலையையும் படகையும் கடல் கேட்டது.

பிறகு சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் பொறியாளர்கள் 2018 வாக்கில் கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு எஃகுத் திட்டு அமைத்தார்கள். அலையின் வேகம் அங்கேயே உடைகிறது, மணல் படிகிறது. கடற்கரைச் சாலையின் வடகோடியில் மறுபடி மணலில் கால் வைத்து நிற்க முடிகிறது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

கடற்கரையைத் தொலைத்ததும் இன்ஜினீயரிங்தான், அதில் ஒரு துண்டைத் திருப்பிக் கொண்டுவந்ததும் இன்ஜினீயரிங்தான். டிராயிங் போர்டில் ஒரு கோடு போடுகிறவனுக்கு அந்தக் கோடு முடிகிற இடத்துக்கு அப்பாலும் பொறுப்பு இருக்கிறது. எந்த சிலபஸில் இதை இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்கள்?

பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபத்தையும் மறக்க வேண்டாம். எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறோம். அது எந்த ராஜாவின் சமாதியும் இல்லை, வெற்றித்தூணும் இல்லை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டியது. குளம் வெட்டித் தந்ததாகச் சொல்லப்படும் ஆயி என்ற தாசியின் பெயர் அதற்கு. குழாய்த் தண்ணீருக்கு ஒரு மண்டபம்! நம் தொழிலுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

"வெள்ளைக்காரன் வீட்டைப் போய் மெச்சணுமா?"

ஹாஸ்டலில் இதைப் பேசியபோது நண்பர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் நியாயமானவை.

ஒன்று: "அது அடிமைக் காலத்துக் கட்டடம். கறுப்பன் தெரு, வெள்ளையன் தெரு என்று பிரித்துக் கட்டியது. அதைப் போய் மெச்சணுமா?" பிரித்தது தவறுதான். வாய்க்காலைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரவேண்டும். ஆனால் சுவர் எழுப்பியது நம் ஆட்கள். கல் சுமந்த சித்தாளும் சாந்து குழைத்த பெரியாளும் இந்த மண்ணின் ஜனங்கள். கட்டடத்தை மெச்சும்போது அவர்களைத்தான் மெச்சுகிறேன்.

இரண்டு: "அங்கே ஒரு காப்பி விலையில் நம்ம பஸ் டிக்கெட் போய்வந்துவிடும். பணக்காரனுக்கு ஓட்டலாக மாற்றத்தானே அந்த வீடுகளைக் காப்பாற்றுகிறார்கள்?" இதற்கு என்னிடம் முழுப்பதில் இல்லை. என் அப்பா பூசிய சுவருக்கு உள்ளே அவர் ஒருநாளும் உட்கார்ந்து காப்பி குடிக்கப் போவதில்லை. அது எனக்கு உறுத்துகிறது. ஆனால் அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினாலும் அவர் உள்ளே உட்காரப் போவதில்லை. இடிக்காமல் வைத்தால் அவருக்கு வேலையாவது இருக்கும். அதுவும் அவர் ஒருவரால்தான் முடியும் என்கிற வேலை. பூச்சு மெஷின் வந்தாலும் பழைய சுவரைத் தட்டிப்பார்த்து எங்கே பொள்ளல் என்று சொல்லக் காது வேண்டும். அந்தக் காதுக்கு நியாயமான கூலி வேண்டும் என்று கேட்போம். அதுதான் சரியான சண்டை.

நம்ம ஊருக்கு வருவோம்

செயின்ட் டேவிட் கோட்டையை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? பாண்டிச்சேரியும் கடலூரும் 22 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இரண்டு துறைமுக ஊர்கள். ஒரே கடல், ஒரே உப்புக்காற்று, ஒரே புயல். ஒன்றைப் பார்க்க உலகமே வருகிறது. இன்னொன்றில் நாம் பஸ் மாறுகிறோம்! முதுநகரில் பழைய கிடங்குகளும் மச்சுவீடுகளும் ஒவ்வொன்றாக விழுகின்றன. ஓட்டுவீடும் திண்ணையும் நம் கிராமங்களிலிருந்து மறைந்துகொண்டிருக்கின்றன. "பழசு, இடிச்சிட்டு மாடி கட்டுடா" என்பதே முன்னேற்றம் என்று நினைக்கிறோம்.

இன்னும் நெருக்கமான ஒன்று சொல்கிறேன். நெய்வேலிச் சுரங்கத்துக்காக 1950-களிலிருந்து எத்தனையோ கிராமங்கள் இடம்பெயர்ந்தன. நம் வகுப்புகளிலேயே அப்படி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நிலத்துக்கும் வேலைக்குமான கோரிக்கைகள் தனி. நான் கேட்பது வேறு. அந்த வீடுகள் எப்படி இருந்தன? திண்ணை எத்தனை அடி? முற்றம் எந்தப் பக்கம்? கிணறு எங்கே? ஒரு பிளான், ஒரு எலிவேஷன் யாரிடமாவது இருக்கிறதா? பாண்டிச்சேரிக்கு வரும் மின்சாரத்தில் நெய்வேலிப் பங்கும் உண்டு. அந்தக் கடற்கரையின் விளக்கு வெளிச்சத்தில் நம் ஊர் நிலக்கரியும் எரிகிறது. அங்கே 150 வருஷத்துச் சுவருக்கு விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். இங்கே ஊரே போனதற்கு ஒரு பென்சில் கோடுகூட இல்லை.

ஆகவே மாணவர் பேரவைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவோடு மூன்று யோசனைகள்.

ஒன்று. அடுத்த ஆண்டு தொழிற்சாலைப் பார்வைப் பயணத்தில் ஒருநாளைப் பாண்டிச்சேரிக்கு ஒதுக்குங்கள். போட்டோ எடுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானே எடுப்பேன்! ஆனால் கையில் டேப்பும் நோட்டும் இருக்கட்டும். மேரி கட்டடம், கடலோரக் கல், வாய்க்காலின் இரு பக்கம், ஒரு மெட்ராஸ் டெரஸ் கூரை. பார்த்ததை வரைந்து காட்டினால் ரெக்கார்டில் மார்க் கொடுங்கள்.

இரண்டு. வருஷத்தில் ஒருநாள் நம் ஒர்க் ஷாப்பில் கொத்தனார்களையும் தச்சர்களையும் அழைத்து வகுப்பு எடுக்கச் சொல்வோம். அன்றைய கூலியைக் கொடுத்து, நாற்காலி போட்டு அழைப்போம். தூக்குக்குண்டும் ரசமட்டமும் அவர்கள் கையில் எப்படிப் பேசுகின்றன என்று பார்ப்போம். ஆள் தேட வேண்டியதில்லை. நம்மில் பலருடைய வீட்டிலேயே இருக்கிறார்கள்.

மூன்று. ஒவ்வொரு ஆண்டும் சிவில் இறுதியாண்டு மாணவர்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு பழைய வீட்டையாவது அளந்து, முழு வரைபடமாக்கி நூலகத்தில் வைப்போம். வீடு நாளை இருக்குமோ இருக்காதோ, படம் இருக்கும். செலவு? டிராயிங் ஷீட்டும் பஸ் காசும்தான்.

முதல் வரைபடத்துக்கு நான் தயார். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு மச்சுவீடு பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டுக்காரப் பெரியவர் சம்மதம் சொல்லிவிட்டார். டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்கிறேன். மறுமுனையைப் பிடிக்க யார் வருகிறீர்கள்?